உங்கள் வாகனம், உங்கள் கேள்வி: புதுப் புஷ் ஏன் சீக்கிரம் போகிறது?

கேள்வி: ஐயா, நான் வேலணையில் இருந்து தினமும் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாண நகரத்துப் பாடசாலைக்குப் போய்வருகிறேன். கார் கொறோலா 121. 260,000 கிலோமீற்றர் தாண்டிவிட்டது. குழியில் இறங்கினால் முன்பக்கம் 'டொக் டொக்' என்கிறது. பிறேக் பிடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. போன வருடம்தான் லோவர் ஆம் புஷ் நான்கையும் மாற்றினேன். எட்டு மாதம்கூட நிம்மதியாக ஓடவில்லை. இப்போது ஒரு கராஜில் லோவர் ஆம் இரண்டையும் முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். இன்னொருவர் ஷொக் அப்சோபர் என்கிறார். வீட்டில் காரை விற்றுவிடு என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
ஆசிரியை ஒருவர், வேலணை

பதில்: விற்கிற கதையை முதலில் விடுங்கள், தங்கச்சி. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். இப்போது இறங்குகிற கார்களின் வரியைப் பார்த்தால் ஆசிரியச் சம்பளத்தில் இன்னொன்று வாங்குவது லேசான காரியமில்லை. 121 இன் எஞ்சினை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல காலம் ஓடும். உங்கள் காரில் போயிருப்பது, லோவர் ஆம் என்ற, முன்சில்லைக் காரின் உடலோடு பிடிக்கும் இரும்புக் கையின் புஷ்ஷில் உள்ள றப்பர். அது தேய்வதற்கென்றே வைத்த சாமான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த எட்டு மாதம்தான். நல்ல புஷ் பல வருடம் தாங்கும். எட்டு மாதத்தில் போனது என்றால் ஒன்றில் சாமான் மட்டம், அல்லது பூட்டிய விதம் பிழை. நான் கூடுதலாகச் சந்தேகிப்பது இரண்டாவதை.

புஷ் என்பது வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் ஒரு சின்ன இரும்புக் குழாய், இரண்டுக்கும் இடையில் ஒட்டிப் பிடித்த றப்பர். போல்ட்டை இறுக்கியதும் நடுக் குழாய் அசையாமல் நின்றுவிடும். சில்லு ஏறி இறங்கும்போது அங்கே எதுவும் வழுக்குவதில்லை. றப்பர்தான் முறுகிக் கொடுத்து, மறுபடி தன் நிலைக்கு வருகிறது. இனி காரை ஜக்கில் தூக்குங்கள். சில்லு கீழே தொங்கும். தொங்குகிற அந்த நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், றப்பர் தன் இயல்பு நிலை அதுதான் என்று பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியவுடனேயே முறுகிவிடும். இரவு முழுக்க உங்கள் முற்றத்தில் சும்மா நிற்கும்போதும் முறுகியபடியேதான் நிற்கும். குழி வந்தால் அதற்கு மேலும் முறுகும். கிழியாமல் என்ன செய்யும்?

சரியான முறை இதுதான். புஷ் போட்டு, போல்ட்டுகளை ஓரளவுக்கு மட்டும் நெருக்கிவிட வேண்டும். காரை இறக்கி, முழுப் பாரமும் சில்லில் வந்த பிறகு முன்பக்கத்தை நாலைந்து தரம் அமத்தி விட வேண்டும். அப்புறம்தான் கடைசி இறுக்கு. குழி வெட்டிய கராஜ் என்றால் வேலை லேசு. குழி இல்லாவிட்டால், ஸ்டாண்டில் நிற்கும் காரில் லோவர் ஆமின் வெளி நுனிக்குக் கீழே ஜக்கைக் கொடுத்து, கார் ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கும் வரை தூக்கியும் இறுக்கலாம். இதற்குப் போவது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு குடும்பத்தின் காசை இரண்டு தரம் செலவழிக்க வைப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். "கடைசி இறுக்கு காரை இறக்கின பிறகுதானே, அண்ணை?" என்று வாய் திறந்து கேளுங்கள். வேலை தெரிந்தவர் கோபிக்க மாட்டார்.

ஆனால் சாமான் வாங்க முதல், சத்தம் எங்கே என்று பிடிக்க வேண்டும். வெறும் இடத்தில் காரை மெதுவாக முன்னே எடுத்துப் பிறேக் அழுத்துங்கள், பிறகு பின்னே எடுத்து அழுத்துங்கள். ஒவ்வொரு தரமும் ஒரு 'டொக்' கேட்டால் லோவர் ஆமின் பின்பக்கத்துப் பெரிய புஷ்ஷில் சந்தேகம் வைக்கலாம். பிறேக் பிடிக்கும்போது சில்லு முன்பின் அசையாமல் பிடிப்பதில் பெரும் பங்கு அதற்குத்தான். அப்படி இல்லாமல், சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது மட்டும் கடகடவென்றால் ஸ்டெபிலைசர் லிங்கைப் பாருங்கள், வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு அது. விலை குறைந்த சாமான், மாற்றுவதும் சுகம். அதைப் பார்க்காமல் ஷொக் அப்சோபரை மாற்றியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். இழுப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: பிறேக் கலிப்பர் ஒரு பக்கம் இறுகிப்போவது. ஓடி வந்து நிறுத்தியதும் ஒரு முன்சில்லுப் பக்கம் மட்டும் அதிக சூடடித்தால் முதலில் அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

புஷ்ஷைக் கண்ணாலும் பார்க்க வேண்டும். றப்பரின் மேல் மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அது வயது, அதற்காக மாற்ற வேண்டியதில்லை. றப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தாலோ, நடுக் குழாய் ஒரு பக்கம் சரிந்திருந்தாலோ, சின்ன அலவாங்கு கொடுத்து நெம்பும்போது தாராளமாக ஆடினாலோ ஆயுள் முடிந்தது.

லோவர் ஆம் முழுதாகவா, புஷ் மட்டுமா? லோவர் ஆமின் சில்லுப் பக்கத்து உருண்டை மூட்டான போல் ஜொயின்ற்றில் ஆட்டம் இல்லை, அதன் றப்பர் உறையும் கிழியவில்லை என்றால் புஷ் மட்டும் போதும். ஆனால் அதைச் சுத்தியலால் அடித்து இறக்க விடாதீர்கள். ஹைட்ரோலிக் பிறெஸ் உள்ள இடத்தில், பழையது நின்ற அதே திசையில் இறக்க வேண்டும். போல் ஜொயின்ற்றும் போயிருந்தால் முழு ஆம் வாங்குவதுதான் கணக்குக்குச் சரி. ஜப்பானில் கழற்றி வந்த பழைய ஆம் விலை குறைவு என்று ஆசைப்பட வேண்டாம். அதில் இருக்கும் றப்பருக்கும் உங்கள் காரின் வயதுதான். எதை மாற்றினாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

உங்களுக்கு இன்னொரு தொல்லை உப்பு. நீங்கள் போய்வருவது இரண்டு பக்கமும் கடல் உள்ள பாதை. போல்ட் குழாய்க்குள்ளேயே துருப்பிடித்து இறுகியிருக்கும். முதல் நாள் பின்னேரமே துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடச் சொல்லுங்கள். காஸ் நெருப்பு வைத்தே கழற்ற வேண்டி வந்தால் புதுப் போல்ட்டுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். மாரி காலத்தில் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது பெரிய உதவி.

எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட். அதை விட்டால் முன் ரயர் இரண்டும் ஓரத்தில் தின்றுவிடும்.

கேள்வி: பொலியூரித்தேன் புஷ் போட்டால் வாழ்நாளுக்கும் மாற்றத் தேவையில்லை என்கிறார்களே, அண்ணா? என்னுடையதும் 121 தான், தினமும் வல்லைவெளியால் வேலைக்குப் போகிறேன்.
நெல்லியடி வாசகர்

பதில்: தம்பி, தினமும் ஓடுகிற காருக்கு நான் சொல்ல மாட்டேன். பொலியூரித்தேன் ஒரு வகைப் பிளாஸ்டிக், றப்பரை விட இறுக்கம். வளைவில் கார் கச்சிதமாக நிற்கும், உண்மைதான். ஆனால் றோட்டின் அதிர்வெல்லாம் உள்ளே வரும். அதோடு அது றப்பரைப் போல முறுகுவதில்லை, நடுக் குழாய் உள்ளே சுழல்கிறது. அதனால் அதற்குரிய சிலிக்கோன் கிரீஸ் வேண்டும், காய்ந்தால் கீச்சிடும். உப்பும் தூசும் சேர்கிற வல்லைவெளியில் அது சீக்கிரம் நடக்கும். ஆசை விடவில்லை என்றால் ஸ்டெபிலைசர் பாருக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். லோவர் ஆமுக்கு நல்ல தரமான றப்பரே போதும்.

கேள்வி: எனது மொறிஸ் மைனரின் பின்பக்க வில்லில் (லீஃப் ஸ்பிரிங்) கீச்சுச் சத்தம். புஷ்ஷுக்கு எஞ்சின் ஒயில் விட்டால் நிற்கிறது, பிறகு திரும்ப வருகிறது. தொடர்ந்து விடலாமா?
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், சுன்னாகம்

பதில்: விட வேண்டாம், ஐயா. எஞ்சின் ஒயில் றப்பரை ஊத வைத்து மெதுமெதுவாகக் கரைத்துவிடும். போர் நாளில், பொருளாதாரத் தடைக் காலத்தில் மைனரை மண்ணெண்ணெயில் ஓட்டினோம், ரயர்த் துண்டைக் கடைந்து புஷ்ஷாகவும் பூட்டினோம். அது வேறு வழி இல்லாத காலம். இப்போதைக்குச் சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கள். உங்கள் காருக்கான புஷ்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், விலையும் பெரிதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து சொந்தக்காரர் யாராவது வந்தால் ஒரு செட் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.