அண்ணாச்சி, டிவியில எந்தக் கேபிள மாட்டணும்?

தீபாவளிக்குப் புது டிவி எடுக்கப் போறவங்க கேட்டதுக்கெல்லாம் பாளையங்கோட்டை அண்ணாச்சி பதில் சொல்லுதார். சாலிடேர், டயனோரா காலத்துலயே டிவியப் பிரிச்சுப் பூட்டின கை.

பேட்டை: 43 இஞ்ச் 4கே டிவி ரெண்டு பாத்திருக்கோம் அண்ணாச்சி. படமும் சத்தமும் ஒரே கேபிள்ல வர்ற எச்டிஎம்ஐ ஓட்டை ஒண்ணுல ரெண்டு, இன்னொண்ணுல மூணு. மூணு உள்ளது விலை கூட. தேவையா?

மூணு உள்ளதையே எடுங்க. செட்டாப் பாக்ஸுக்கு ஒண்ணு. நாளைக்கு சவுண்ட்பார் வாங்கினா அதுக்கு ஒண்ணு, அதுவும் ‘ஏஆர்சி’ன்னு எழுதியிருக்குற ஓட்டையிலதான் மாட்டணும், அதுலதான் டிவி சத்தம் சவுண்ட்பாருக்குத் திரும்பிப் போகும். பையன் லேப்டாப்பக் கொண்டு வந்தா எங்கன மாட்டுவான்? கடையில எல்லாரும் படத்தையே பாத்துக்கிட்டு நிக்காங்க. நீங்க டிவிக்குப் பின்னால போய்ப் பாருங்க. ஓட்டை நேரா சுவரப் பாத்து இருந்தா, சுவர்ல மாட்டின பிறகு கேபிள் மண்டைக்கு இடம் இருக்காது. பக்கவாட்டுல இருக்கணும். எச்டிஎம்ஐயிலயும் வெர்ஷன் உண்டு. 2.0 வினாடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும், 4கே படம் 60 ஹெர்ட்ஸ் வரைக்கும் தாராளம். 48 ஜிகாபிட் வரைக்கும் போற 2.1, கேம் ஆடுற பிள்ளை வீட்டுல இருந்தாத்தான்.

மாட்டும்போது டிவி, பாக்ஸ் ரெண்டு சுவிட்சையும் அணைச்சிட்டு மாட்டுங்க.

களக்காடு: எங்க கேபிள் பாக்ஸ்ல மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்தான் இருக்கு. புது டிவியில படம் மங்கலா வருது. எச்டிஎம்ஐயா மாத்துற டப்பி வாங்கினா சரியாகுமா?

ஆகாது. மஞ்சள் வயர்ல வெளிச்சமும் கலரும் ஒண்ணாக் கலந்து வருது, அதுவும் 576 வரிதான். நியூஸ்ல கீழ ஓடுற எழுத்தோட ஓரத்தக் கிட்டப் போய்ப் பாருங்க, எறும்பு ஊர்ற மாதிரி நெளியும். கலந்தத டிவி முழுசாப் பிரிக்க முடியாததால வர்ற கோளாறு அது. டப்பி அந்தக் கோளாறோட சேத்துத்தான் பெருசாக்கும். கேபிள்காரர்ட்ட எச்டி பாக்ஸ் கேளுங்க, எச்டி சேனலும் போடச் சொல்லுங்க. பாக்ஸ் மட்டும் மாறி சேனல் பழசாவே இருந்தா பிரயோஜனம் இல்ல.

மேலப்பாளையம்: பழைய டிவிடி பிளேயர்ல பச்சை, நீலம், சிவப்புன்னு மூணு ஓட்டை இருக்கு. அது எச்டியா?

கேள்வின்னா இதுதான்! அது காம்போனன்ட். பச்சையில வெளிச்சம், மத்த ரெண்டுல கலர் தனித்தனியா வரும். அனலாக்தான், ஆனா ‘1080ஐ’ங்கிற எச்டி அளவு வரைக்கும் கொண்டு போகும். மஞ்சளோட சேத்து எண்ணவே கூடாது. ஆனா உங்க டிவிடியில உள்ள படமே எச்டி கிடையாது. படம் எச்டியா இல்லன்னா வயர் என்ன செய்யும்? எச்டி படம் உள்ள ப்ளூரே டிஸ்க்குலயும் 2011-ல இருந்து செய்யிற பிளேயர்ல அனலாக் வழியா எச்டி வராதபடி கட்டிப் போட்டுட்டாங்க. இப்ப வர்ற டிவி நிறையத்துல இந்த ஓட்டையே இல்ல. சிலதுல பச்சை ஓட்டையே மஞ்சளுக்கும் சேத்து. அதுல மஞ்சள மாட்டிட்டு காம்போனன்ட்ல வச்சா கருப்பு வெள்ளைப் படம் வரும். டிவி போச்சுன்னு பதறாதீங்க, ரிமோட்ல ஏவிக்கு மாத்துங்க.

வள்ளியூர்: தங்கமுலாம் பூசின எச்டிஎம்ஐ கேபிள் 1,800 ரூவா சொல்லுதாங்க. படம் நல்லாருக்குமா?

ரெண்டு மீட்டருக்கா? 300 ரூவா கேபிள் போதும்.

வண்ணார்பேட்டை: அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி. நான் மாத்தினேன், கலர் தூக்கலா இருக்கு. கண்ணால பாத்தேன்.

தம்பி, இது டிஜிட்டல். கேபிள் மோசம்னா கலர் மங்காது; பொட்டுப் பொட்டா மினுங்கும், விட்டு விட்டுக் கருப்பாகும், கடைசியில ‘நோ சிக்னல்’. அரைகுறைக் கலர்னு ஒண்ணு கிடையாது.

வண்ணார்பேட்டை: அப்ப என் கண்ணு பொய்யா?

கண்ணு பொய் சொல்லல. புதுக் கேபிள மாட்டும்போது எச்டிஎம்ஐ ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாத்தினீங்களா? பல டிவியில ஒவ்வொரு ஓட்டைக்கும் பிக்சர் மோட் தனி. ரெண்டாவது, கலரத் தூக்கிக் காட்டுற ‘விவிட்’ல கெடக்கும்.

வண்ணார்பேட்டை: ...ரெண்டுலதான் மாட்டிருக்கேன்.

ஸ்ரீவைகுண்டம்: எங்க மச்சானும் இதையேதான் சொல்லிக்கிட்டுத் திரியுதாக. அப்ப விலைக் கேபிளே வேண்டாமா?

நீளம் கூடினா வேணும். மாடி வரைக்கும் பத்து மீட்டர் இழுத்தா சாதா செம்புக் கேபிள் 4கேயில மூச்சு வாங்கும். வெளிச்சமா அனுப்புற ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் போடுங்க, ஆனா அதுக்குத் திசை உண்டு. ‘சோர்ஸ்’னு போட்ட நுனி பாக்ஸ் பக்கம். மாத்திச் சொருகி சுவத்துக்குள்ள பூசிட்டு எனக்கு போன் பண்ணுனவங்க இருக்காங்க.

தாழையூத்து: மஞ்சள் வயர்ல 4கே வருமா?

வராது. களக்காட்டுக்குச் சொன்னதப் படிங்க.

நாங்குநேரி: ஃபிரிட்ஜுக்கு எந்த ஸ்டெபிலைசர்?

எனக்குத் தெரிஞ்சது டிவி. எலக்ட்ரீஷியனக் கேளுங்க.

முக்கூடல்: கேபிள் பாக்ஸ்ல மூணு கலர் வயர்...

களக்காடு! களக்காடு!

அம்பாசமுத்திரம்: எச்டிஎம்ஐ சொருகும்போது விரல்ல சுர்ருன்னுச்சு.

முதல்லயே சொன்னேன்ல, அணைச்சிட்டு மாட்டுங்கன்னு. ரெண்டு முள் பிளக்குல எர்த் கிடையாது. உள்ள கசியுற கரண்ட் பாக்ஸோட உலோக உடம்புல, கேபிளோட மேல்வலையில வந்து நிக்கும். உங்களுக்குச் சுர்ருன்னதோட போச்சு. அஞ்சு வோல்ட்டுல ஓடுற எச்டிஎம்ஐ சிப் செத்தா போர்டையே மாத்தச் சொல்லுவான். ஐப்பசி கார்த்திகையில இடி சத்தம் கேட்டா சுவிட்ச மட்டும் அணைச்சா பத்தாது. பிளக்கயும் புடுங்குங்க, பாக்ஸுக்கு வர்ற கேபிள் வயரையும் திருகிக் கழட்டிருங்க. இடி தலைக்கு மேல வந்த பிறகு வயரத் தொடாதீங்க, அதுக்கு முன்னாலயே கழட்டணும்.

சேரன்மகாதேவி: கழட்டிட்டா சீரியல் எப்படிப் பாக்க?

நாளைக்கு மறுஒளிபரப்புல பாருங்க மதினி.