பட்டறைப் பக்கம்: மரத்தூளுக்கு ஒரு ரப்பர் பால் டிரம்

கேள்வி: அண்ணாச்சி, வீட்டுக்குப் பின்னால் 10-க்கு 14 அடியில் தகர ஷெட் போட்டு, லீவு நாளில் ஸ்டூல், அலமாரி என்று செய்துகொண்டிருக்கிறேன். டேபிள் சா (மேசை ரம்பம்), ரவுட்டர் (பலகையில் பள்ளம், விளிம்பு வெட்டுவது), சாண்டர் (உப்புத்தாள் தேய்ப்பது) மூன்றும் உண்டு. கொடியில் போட்ட துணியெல்லாம் தூளாகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சத்தம் போடுகிறார். தூள் உறிஞ்சும் மெஷின் வாங்க வசதி இல்லை. பழைய வாக்கம் கிளீனர் ஒன்று கிடக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? இல்லை, எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதுமா?
– வாசகர், கருங்கல்

பதில்: எக்ஸாஸ்ட் ஃபேனை மறந்துவிடுங்கள் தம்பி. தூள் உங்கள் மூக்கைத் தாண்டித்தான் அந்த ஃபேனுக்குப் போகும். போய், நேராக அந்த அக்காவின் கொடியில் உட்காரும். ஆரல்வாய்மொழியில் எனக்குத் தெரிந்த ஒருவர், "எங்க ஊர்க் காத்துக்கு மெஷின் எதுக்கு, ரெண்டு ஜன்னல் திறந்தா போதும்" என்பார். ஆடியில் ஒருநாள் காற்று திரும்பி அடித்தது. பாலிஷ் காயாமல் நின்ற கட்டில் உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது.

தூளைப் பிறக்கிற இடத்திலேயே பிடிக்க வேண்டும். அதற்கு உங்கள் வாக்கம் போதும், நேராக மட்டும் மாட்டாதீர்கள். நேராக மாட்டினால் கொஞ்ச நேரத்தில் ஃபில்டர் அடைத்து இழுவை செத்துவிடும். மெஷினுக்கும் வாக்கத்துக்கும் நடுவில் மூடி போட்ட டிரம் ஒன்று வையுங்கள். தூளோடு வரும் குழாய் டிரம்மின் சுவரை ஒட்டிச் சாய்வாக நுழைய வேண்டும். வாக்கத்துக்குப் போகிற குழாய் மூடியின் நடுவில். உள்ளே வந்த காற்று சுவரைப் பிடித்துச் சுழலும். கனமான தூள் சுவரில் உரசி வேகம் குறைந்து கீழே விழும், காற்று மட்டும் நடுவழியே மேலேறிப் போகும். தயிர் கடைகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

விழுந்த தூளைச் சுழல் மறுபடி கிளப்பாமல் இருக்க, மூடிக்கு நாலு இஞ்ச் கீழே ஒரு வட்டப் பிளைவுட்டைத் தொங்கவிடுங்கள். தூள் நுழைகிற பக்கம் அதன் விளிம்பில் மூன்றில் ஒரு பங்கு சுவரோடு ஒட்டியிருக்கட்டும். மீதி சுற்றில் ஒரு இஞ்சுக்குச் சற்று மேல் இடைவெளி விடுங்கள், தூள் அதன் வழியே இறங்கும். நடுக்குழாய் இந்தப் பலகையைத் தொடக் கூடாது. சேர்ந்த தூளும் பலகை வரை ஏறக் கூடாது. ஏறினால் டிரம் இருந்தும் இல்லாத கணக்குதான்.

என்ன டிரம்? நான் முதலில் செய்தது 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில். ஆயினிப் பலகை இழைத்த சீவல் ஹோசில் அடைத்துக்கொண்டது, பக்கெட் 'டப்'பென்று உள்வாங்கிச் சப்பிப்போனது. காஸ் வெடித்தது என்று நினைத்து வீட்டுக்காரி முற்றத்துக்கு ஓடிவிட்டாள். அதற்கப்புறம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் ஏற்றுகிற நீல டிரம் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். வாய் முழுவதும் திறக்கிற, வளையம் போட்டு இறுக்குகிற மூடி உள்ளதாகப் பாருங்கள். அமோனியா நாற்றம் போகக் கழுவி ரெண்டு மூணு நாள் வெயிலில் வைத்தால் போதும். மூடிக்கு அடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுங்கள். டிரம்மில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் அந்த வழியே காற்று நுழைந்து, விழுந்த தூளைத் தூக்கி வாக்கத்துக்கே அனுப்பிவிடும். வாக்கத்தை ஓடவிட்டு, மூடியைச் சுற்றி ஊதுபத்தி காட்டுங்கள். புகை எங்கே உள்ளே இழுபடுகிறதோ அங்கே ஓட்டை.

இனி குழாய். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெரிய பைப் போட்டால் நிறைய இழுக்கும் என்று 4 இஞ்ச் பைப்பை வாக்கத்தில் மாட்டுவார்கள். திற்பரப்பில் கொட்டுகிற ஆறு தேங்காய்ப்பட்டணம் நெருங்க நெருங்க அகன்று, வேகம் குறைந்து, மணலைக் கீழே போடுகிறது அல்லவா, அதே கதைதான். தூள் படியாமல் ஓடக் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். 4 இஞ்ச் பைப்பில் அந்த வேகம் வர நிமிடத்துக்குச் சுமார் 350 கன அடி காற்று வேண்டும். வீட்டு வாக்கம் அவ்வளவு இழுக்காது. அதன் இழுவை பலம், ஆனால் இழுக்கிற காற்றின் அளவு கொஞ்சம். ஆகவே ஒன்றரை, கூடிப்போனால் 2 இஞ்ச் பைப் போடுங்கள். சாண்டருக்கும் ரவுட்டருக்கும் அது தாராளம். பின்னால் திக்னஸ் பிளேனர் (பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கிற மெஷின்) வாங்கினால், நிறையக் காற்றை இழுக்கிற வேறு மெஷின்தான் வேண்டும், அப்போது எழுதுங்கள்.

ஒரே 90 டிகிரி வளைவுக்குப் பதில் ரெண்டு 45 போடுங்கள். டி ஜாயிண்ட் வேண்டாம், ஒய் போடுங்கள். நெளிவு ஹோஸ் கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் போதும். டேபிள் சாவின் அடிப்பக்கத்தைப் பிளைவுட்டால் பெட்டி போல மூடி, அதில் குழாயைச் சொருகுங்கள். திறந்த அடிப்பக்கத்தில் எந்த வாக்கமும் தோற்றுப்போகும். உங்கள் தூளில் பாதிக்கு மேல் அங்கேதான் கொட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பி.வி.சி. பைப்பில் தூள் உரசி நிலைமின்சாரம் ஏறும்; தொட்டால் 'சுரீர்' என்றால் பயப்பட வேண்டாம், ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் கட்டிவிடுங்கள். ஆனால் ஆணி, கிரைண்டர் பொறி எதையும் இந்தக் குழாயில் இழுக்காதீர்கள். மரத்தூளுக்குள் விழுந்த பொறி சத்தமில்லாமல் கனன்று, நீங்கள் தூங்கின பிறகு எரியும்.

கேள்வி: மூக்கில் துவர்த்து (துண்டு) கட்டிக்கொண்டுதான் 20 வருஷமாக வேலை செய்கிறேன். அது போதாதா?
– வாசகர், தக்கலை

பதில்: போதாது அண்ணே. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். நெஞ்சுக்குள் இறங்குகிற தூள் 10 மைக்ரானுக்கும் கீழே, அதற்குத் துவர்த்து சல்லடை மாதிரி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் வெளியிட்ட அறிக்கையில், மரத்தூளை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. அந்தப் புற்றுநோய் மூக்கிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் வருவது. என்95 மாஸ்க் போடுங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று நுழையும், ஒன்று தாடி, ஒன்று மாஸ்க். மெஷினை நிறுத்தியதும் கழற்றிவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத தூள் ரொம்ப நேரம் காற்றிலேயே மிதக்கும்.

கேள்வி: டிரம்மில் சேர்கிற தூளை மட்டி வாழை மூட்டில் போடலாமா?
– வாசகி, திருவட்டாறு

பதில்: பச்சையாகப் போட்டால் அது மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், வாழை வெளிறும். சாணத்தோடு கலந்து மழை படாமல் சில மாதம் மட்கவிட்டுப் போடுங்கள். அதுவும் தனி மரத்தூள் மட்டும். பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) தூளில் பசை உண்டு, பூச்சி அடிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய ரப்பர் பலகையிலும் ரசாயனம் உண்டு. ரெண்டையும் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கோழிக்கூட்டிலும் போடாதீர்கள். அதற்கென்று வேறு சாக்கு வையுங்கள்.