பிரேசில் முந்தியது, நாம் என்ன செய்தோம்?

கேள்வி: என் மாமனாருக்கு வாய்ப் புற்றுநோய். கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்கு அழைத்துப்போய் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறோம். மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. சிவப்பு லேசர் ஒளி காட்டினால் புண் குறையும், அந்த ஆராய்ச்சியில் பிரேசில்தான் முன்னணி என்கிறாள் என் மகள். மருத்துவமனையில் யாரும் இதைப் பற்றிச் சொல்லவில்லை. கால்பந்து ஆடுகிற நாட்டுக்கு இதில் என்ன வேலை? நம் நாடு ஏன் ஒன்றும் செய்யவில்லை?

- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. உங்கள் இரண்டு கேள்விகளும்தான் தவறு.

முதலில் பிரேசில். ரியோ டி ஜெனிரோவில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்து கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துப் பெற்ற 94 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு லேசர், மீதிப் பேருக்கு வெறும் பாவனை. 2013-இல் முடிவு வெளியானது. கடுமையான வாய்ப்புண் லேசர் பெற்றவர்களில் 6.4 சதவீதம், பெறாதவர்களில் 40.5 சதவீதம். வாயைத் திறந்து ஒரு வாய் ரசம் சாதம் விழுங்க முடியுமா, மூக்குவழிக் குழாய் போட வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிற வித்தியாசம் இது. புண் தாங்காமல் கரண்ட் வைப்பதை இடையில் நிறுத்தினால், அந்த இடைவெளியில் புற்றுநோய் மறுபடி வளரப் பார்க்கும். அதனால் இது வெறும் வலி விவகாரம் இல்லை.

அந்த நாடு இதில் முன்னேறியதற்குப் பல் மருத்துவர்கள் முக்கியக் காரணம் என்பது என் கருத்து. பல் பிடுங்குவதோடு நிற்காமல் புற்றுநோய் வார்டுக்குள் வந்து நோயாளியின் வாயைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். லேசர் சிகிச்சையைப் பல் மருத்துவர்கள் செய்யலாம் என்று அவர்களுடைய தேசிய மன்றமே 2008-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்தத் துறையைத் தொடங்கியது பிரேசில் இல்லை. 1967-இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் முடி மழித்த எலிகள்மேல் குறைந்த சக்தி லேசரைப் பாய்ச்சினார். ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்தது. அங்கிருந்து புண் ஆற்றுவதற்குப் போனார். செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது, செல் சுறுசுறுப்பாகிறது என்பதே இன்று தரப்படும் முக்கிய விளக்கம். சூடு கிடையாது, வெட்டும் கிடையாது.

அடுத்து, 'நாம் ஒன்றும் செய்யவில்லை' என்பது. கர்நாடகக் கரையோரத்து மணிப்பாலில் 50 நோயாளிகளிடம் ஹீலியம்-நியான் என்ற சிவப்பு ஒளி லேசரைச் சோதித்து 2006-லேயே வெளியிட்டுவிட்டார்கள். பிறகு அங்கேயே 221 பேரிடம் இன்னும் கறாரான சோதனை. யாருக்கு உண்மையான ஒளி என்பது நோயாளிக்கும் தெரியாது, புண்ணை அளந்தவருக்கும் தெரியாது. கடுமையான புண், வலி, விழுங்கும் சிரமம், மார்ஃபின் வகை மருந்தின் தேவை எல்லாமே குறைந்தன. வெளியான ஆண்டு 2012. பிரேசில் முடிவுக்கு ஓர் ஆண்டு முன்னால்!

அப்படியானால் உங்கள் மாமனாரிடம் ஏன் யாரும் சொல்லவில்லை? கோபப்பட வேண்டிய இடம் இதுதான். வெற்றிலை, பாக்கு, புகையிலை என்று தோட்டத்து லைன் வீடுகளில் தலைமுறையாக மென்றுவரும் மலை இது. இந்த நோய் நம் வீட்டு நோய். இதற்கான ஆராய்ச்சியும் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. அது மேட்டுப்பாளையம் சாலை இறங்கிப் போகிற நோயாளியின் வாய்வரைக்கும் வந்து சேராவிட்டால், எத்தனை கட்டுரை அச்சாகி என்ன பயன்? கதிர்வீச்சு பெறும் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்குப் புண் வராமல் தடுக்க இந்த ஒளி சிகிச்சையைச் சர்வதேச வழிகாட்டி நெறிமுறைகளே 2020-இல் பரிந்துரைத்துவிட்டன. நோயாளி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை எனக்கு வேதனையாக இருக்கிறது.

நாளைக்கே கதிர்வீச்சு மருத்துவரிடம் கேளுங்கள். முதல் நாளிலிருந்தே தொடங்கியிருந்தால் பலன் அதிகம். இப்போது புண் வந்துவிட்டாலும் வலியைக் குறைக்க உதவலாம், கேட்பதில் தவறில்லை. உதட்டின் உட்புறம், கன்னம், நாக்கு என்று புள்ளி புள்ளியாகச் சில நிமிடம் காட்டுவார்கள். கட்டி இருக்கும் இடத்தைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், அதையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். இது புற்றுநோயைக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை, கரண்ட் வைப்பதை எக்காரணத்துக்காகவும் விடாதீர்கள். ஆன்லைனில் விற்கிற சிவப்பு விளக்கை வாங்கி வீட்டிலேயே வாய்க்குள் காட்டும் வேலையும் வேண்டாம். அலைநீளம், அளவு, நேரம் மூன்றும் சரியாக அமைந்தால்தான் பலன்.

மருத்துவமனையில் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். 'அந்தக் கருவி இங்கே இல்லை' என்றால் அதையும் எழுதுங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.