அனிமேஷன் படிப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கான கேள்வி பதில்

(பெங்களூர் ஸ்டுடியோக்களில் கணினிக் கதாபாத்திரங்களுக்கு எலும்பு பொருத்தும் ரிக்கிங் பணியாற்றி, தற்போது ஓசூரில் பயிற்றுவிக்கும் உறுப்பினர் பதிலளிக்கிறார்.)

அரூர்: மகள் பிளஸ் டூவில் வணிகவியல் படிக்கிறாள். அனிமேஷனில் சேர முடியுமா?

தாராளமாக முடியும். ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான யூசீட் தேர்வை எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷன் தனித் துறையாகவே இருக்கிறது. சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் அதற்குப் பட்டப்படிப்பு உண்டு. தனியார் நிறுவனம் என்றால் முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டிவிடாதீர்கள். முன்னாள் மாணவர்களின் ஷோரீலை, அதாவது அவர்கள் செய்த வேலைகளின் தொகுப்புக் காணொளியை, கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

காவேரிப்பட்டணம்: ஒரே படிப்பாக இருந்தது ஏன் இத்தனை கிளைகளாகப் பிரிந்தது?

நல்ல கேள்வி. மும்பையில் மத்திய அரசின் படத் தயாரிப்பு அமைப்பான பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்கு 1956-இல் டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி அளித்தபோது, ஆசானிடம் அமர்ந்து தொழில் பழகுவதே கல்வியாக இருந்தது. அமெரிக்காவின் கலார்ட்ஸ் என்ற கலைக் கல்லூரி 1975-இல் கதாபாத்திர அனிமேஷனுக்கென்று தனிப் படிப்பைத் தொடங்கியது. 1995-இல் முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி' வந்த பிறகு, உருவம் செய்பவர், எலும்பு பொருத்துபவர், அசைப்பவர், ஒளியமைப்பவர், காட்சிகளை இணைப்பவர் என்று வேலை பிரிய, பாடத்திட்டமும் அதன் பின்னாலேயே பிரிந்தது.

என் துறையையே பாருங்கள். கதாபாத்திரம் முழங்கையை மடக்கும்போது உட்புறச் சதை நசுங்கிப்போய், கை தன் பருமனை இழந்துவிடும். எந்த எலும்பு தோலின் எந்தப் புள்ளியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று வெயிட் பெயின்டிங்கில் திருத்தித் திருத்தித்தான் அது கையாகும். இதற்கே தனிப் பாடம் தேவைப்படுகிறது.

பாலக்கோடு: முதலில் கற்க வேண்டிய அனிமேஷன் மென்பொருள் மாயாவா, பிளெண்டரா?

பிளெண்டர். இலவசம், வீட்டிலேயே தொடங்கலாம்.

ஓசூர்: ஸ்டுடியோக்கள் ஒரு துறை நிபுணரையே தேடுகின்றன. ஓவியம், உடற்கூறு எல்லாம் வீண். ஆறு மாதம் லைட்டிங் மட்டும் கற்றால் போதும்.

முதல் வாக்கியம் உண்மை. பெரிய ஸ்டுடியோக்கள் அப்படித்தான் ஆள் எடுக்கின்றன. ஆனால் கிளையை முதலில் பிடித்துக்கொண்டு வேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதை நான் ஏற்க மாட்டேன். முகத்தில் கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது என்று அறியாதவர் நிழலை எங்கே விழ வைப்பார்? திரைப்படங்களுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்துவந்த டெக்னிகலர் குழுமம் 2025 பிப்ரவரியில் சரிந்தபோது அதன் பெங்களூர் ஊழியர்களும் வேலையிழந்தார்கள். அப்படியொரு நாளில், ஒரே மென்பொருளின் பொத்தான்களை மட்டும் அறிந்தவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

ஓசூர் (மீண்டும்): அது நிதிச் சிக்கல்; கல்வியோடு அதற்கு என்ன தொடர்பு?

சரிவுக்குக் காரணம் நிதிதான். அதன் பிறகு அடுத்த வேலைக்கு மாற முடிகிறதா என்பதைக் கல்விதான் தீர்மானிக்கிறது. நம் பக்கம் எருது விடும் விழாவுக்குப் போகும் மாணவர்கள், பாய்ந்து வரும் காளையின் எந்தக் கால் முதலில் தரையைத் தொடுகிறது, திமில் எப்போது பின்தங்கி ஆடுகிறது என்று பார்த்து வரைந்தால், அந்த அறிவு ரிக்கிங்குக்கும் உதவும், அனிமேஷனுக்கும் உதவும், நாளை வரப்போகும் மென்பொருளுக்கும் உதவும். முதல் ஆண்டு முழுவதும் பொது அடிப்படை, அதன் பிறகே சிறப்புப் பிரிவு என்பதுதான் என் நிலைப்பாடு.

பென்னாகரம்: எந்த மென்பொருளை முதலில் கற்க வேண்டும்?

பாலக்கோடு நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஊத்தங்கரை: நூறு சதவீத வேலை உறுதி என்கிறார்கள். சேரலாமா?

அந்த உறுதியை எழுத்தில் கேளுங்கள். ஷோரீலைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள் என்று அரூர் பெற்றோருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

கிருஷ்ணகிரி: கேம் புரோகிராமிங் பற்றி?

அது கணினி அறிவியல் சார்ந்தது, அத்துறையினரிடம் கேளுங்கள்.

ஓசூர்: சரி, லைட்டிங்கோடு வேறு எதைக் கற்பது?

புகைப்படக் கலையும், காட்சிகளை இணைக்கும் கம்பாசிட்டிங்கும். ஒரே சமையல் பாத்திரத்தைக் காலை, நண்பகல், மாலை வெயிலில் படமெடுத்து, அந்த மூன்று ஒளியையும் பிளெண்டரில் அமைத்து அனுப்புங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன்.