பிப்ரவரியில் பிறந்தவர் முயலா, டிராகனா? சீன ஜோதிடம்: கேள்வி பதில்

கே: நான் பிறந்தது 10.2.1988. ஒரு செயலி டிராகன் என்கிறது, இன்னொன்று முயல் என்கிறது. எதை நம்ப? (வாசகி, ஈரோடு)

ப: இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது. சீன ஆண்டு ஜனவரி 1 அன்று பிறப்பதில்லை. ஜனவரி 21 முதல் பிப்ரவரி 20 வரைக்குள் வரும் அமாவாசையில்தான் அவர்களுக்குப் புத்தாண்டு. 1988-ல் அது பிப்ரவரி 17. நீங்கள் ஒரு வாரம் முந்திவிட்டதால் சீனர்களின் பொது வழக்கில் முயல்தான். ஆனால் பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் நான்கையும் வைத்து ஜாதகம் கணிக்கும் ‘பாட்ஸி’ முறையில், சூரியனை வைத்து பிப்ரவரி 4 வாக்கில் வரும் ‘லிச்சுன்’ (வசந்தத் தொடக்கம்) அன்றே ஆண்டு மாறிவிடும். அதன்படி டிராகன். பொதுப்பலன் படிக்க முயலை எடுங்கள். ஜாதகமே கணிப்பதானால் டிராகன். ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் ஆண்டை மட்டும் பார்த்து விலங்கைச் சொன்னால் தவறிப்போவது இங்கேதான்.

கே: செயலி இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், தேனி)

ப: தாராளமாக. பிறந்த ஆண்டை 12-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 0 என்றால் குரங்கு. அங்கிருந்து வரிசையாக 1 சேவல், 2 நாய், 3 பன்றி, 4 எலி, 5 எருது, 6 புலி, 7 முயல், 8 டிராகன், 9 பாம்பு, 10 குதிரை, 11 ஆடு. 1995-ஐ வகுத்தால் மீதி 3, பன்றி.

விலங்கோடு நிறுத்திவிடாதீர்கள். ஆண்டின் கடைசி இலக்கம் பூதத்தைச் சொல்லும்: 4, 5 மரம், 6, 7 நெருப்பு, 8, 9 மண், 0, 1 உலோகம், 2, 3 நீர். ஆக 1995 மரப் பன்றி. நம் பஞ்சபூதங்களில் உள்ள காற்றும் ஆகாயமும் இதில் இல்லை. ஒன்றுக்கொன்று எதிரான யின், யாங் என்ற இரு ஆற்றல்களில் இரட்டைப்படை ஆண்டு யாங், ஒற்றைப்படை யின். இவை சேர்ந்து 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்று முடியும். நம் பிரபவ முதல் அட்சய வரையிலான சுழற்சிக்கும் 60தான் என்றாலும் தொடக்கம் வேறு: அவர்களுடையது 1984, நம்முடையது 1987.

கே: 2026 நெருப்புக் குதிரை ஆண்டாம். அதில் பெண் குழந்தை பிறந்தால் ஆகாதா? என் மருமகள் கர்ப்பிணி. (வாசகி, சிங்கப்பூர்)

ப: கவலையே வேண்டாம், அம்மா. இது ஜப்பானில் வேரூன்றிய நம்பிக்கை. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகமாட்டாள் என்ற பேச்சுக்குப் பயந்து, அங்கு 1965-ல் சுமார் 18.2 லட்சமாக இருந்த பிறப்புகள், முந்தைய நெருப்புக் குதிரை ஆண்டான 1966-ல் 13.6 லட்சமாகச் சரிந்தன. ஜோதிடக் கணக்குப்படி பார்த்தாலும் இது நிற்காது. பாட்ஸியில் ஆண்டு, மாதம், நாள், நேரம் என நான்கு தூண்கள்; தூணுக்கு மேலும் கீழுமாக இரண்டு என எட்டு எழுத்துகள். ஆண்டுத் தூண் அதில் கால் பங்குதான். ஒருவரின் ‘தான்’ என்று எடுத்துக்கொள்வது பிறந்த நாளின் மேல் எழுத்தை. அது நெருப்பாகவோ நீராகவோ எதுவாகவும் அமையலாம்.

குழந்தை பிறந்ததும் நேரத்தை மட்டும் சரியாகக் குறித்துவையுங்கள். சீன ஓரை ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். இரவு 11 முதல் 1 வரை எலி ஓரை. 12.55-க்கும் 1.05-க்கும் இடையில் ஒரு தூணே மாறிவிடும்.