கடைசி பஸ்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் யாழ்ப்பாணம். முதல் நியமனம் கொக்கிளாய்ப் பக்கம் ஒரு பாடசாலையில் கிடைத்திருக்கிறது. முல்லைத்தீவு ரவுணில் அறை எடுத்து, இரண்டு மாதமாக பஸ்ஸில் போய் வருகிறேன். ஸ்டாண்டில் நேரம் கேட்டால் மூன்று பேர் மூன்று நேரம் சொல்கிறார்கள். போனில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. சில பஸ் ஆள் நிறையும்வரை நிற்கிறது, சில பஸ் கைகாட்டினாலும் நிற்பதில்லை. கூடப் படிப்பிப்பவர்கள் ஸ்கூட்டி வாங்கச் சொல்கிறார்கள், அம்மா வேண்டாம் என்கிறா. நீங்கள் பல வருடமாக பஸ்ஸில் திரிவதாக எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இந்த ஒழுங்கீனத்துக்கு நாங்கள் பழகிக்கொள்ளத்தான் வேண்டுமா?

- ஓர் ஆசிரியை

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் கேள்வியை மாற்றுங்கள். "கொக்கிளாய் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால், உங்களைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் ஆளுக்கொரு நேரம் சொல்லத்தான் செய்வார்கள். "பஸ் போட்டுதா?" என்று கேளுங்கள். அதற்குச் சரியான பதில் வரும். "இல்லை பிள்ளை, டிரைவர் இப்பதான் தேத்தண்ணி குடிக்கிறார்" என்பதைவிடத் துல்லியமான நேர அட்டவணை எது? ஒரு கிழமை ஒரே இடத்தில் நின்றால் உங்களோடு நிற்பவர்களின் முகம் பழகிவிடும். அப்புறம் நேரம் பார்க்கத் தேவையில்லை. கருவாட்டுப் பெட்டிக்கார அம்மா நிற்கிறாவா, பஸ் இன்னும் போகவில்லை.

ஆள் நிறையும்வரை நிற்பது பற்றி. தனியார் பஸ்ஸில் அன்றைய வசூலைப் பொறுத்துத்தான் டீசல் காசும் முதலாளியின் பங்கும் ஓடுகிறவர்களின் கூலியும். பாதி பஸ்ஸோடு வழியில் உள்ள நாயாறு தாண்டினால் அவர்களுக்குக் கைநட்டம். எனக்கும் எரிச்சல் வரும், ஆனால் இது திமிர் இல்லை, கணக்கு. அரசாங்கத்தின் சிவப்பு பஸ்ஸின் கணக்கு வேறு. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் கம்பனிகளை அரசு எடுத்துக்கொண்டபோது வந்த பெயர் சீ.ரி.பி. அதை உடைத்து, மாற்றி, 2005 இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை என்று திரும்ப ஒட்டிய பிறகும் எங்கள் ஊரில் அது சீ.ரி.பி.தான். பள்ளிப் பிள்ளைகளின் சீசன் டிக்கெட் அதில்தான் செல்லும். அதனால் உங்கள் மாணவன் பிந்தி வந்தால் உடனே ஏசாதீர்கள். அவனுக்கு முன்னால் வேறு பஸ் வந்திருக்கும், ஏறக் காசு இருந்திருக்காது.

மற்றச் சில்லறை விசயங்களை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இறங்கும் இடத்துக்கு ஒரு வளைவு முன்பே "இறக்கம்" என்று குரல் கொடுக்க வேண்டும், மெதுவாகச் சொன்னால் அடுத்த ஊரில்தான் இறங்குவீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன். காலை பஸ் அரை மணி பிந்தினால் அதிபரின் முகம் கறுக்கும், அவ்வளவுதான். ஆனால் சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் என்று இந்தக் கரையோரம் முழுவதும் ஒரு நாள் எவ்வளவு நீளம் என்பதைச் சூரியன் தீர்மானிப்பதில்லை. கடைசி பஸ் தீர்மானிக்கிறது. கிளினிக்குக்கு வந்த ஆச்சி நம்பர் எடுத்துக் காத்திருப்பா. மருந்து எடுக்கும் வரிசைக்கு வரும்போது பஸ் நேரம் வந்துவிடும். மருந்தா பஸ்ஸா? மருந்துத் துண்டை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடியவர்களை நான் கண்டிருக்கிறேன். ஓட்டோ பிடித்தால் அந்த மாதத்துச் சீனி, மா எல்லாம் போய்விடும். ரவுணில் ரியூசன் வகுப்பு பின்னேரம் ஐந்து மணிக்கு என்றால், அது ரவுண் பிள்ளைகளுக்கான வகுப்பு. கடையில் வேலைக்கு நிற்கும் பெண்ணை முதலாளி ஏழு மணிவரை நிற்கச் சொன்னால், அது அந்தக் கரையோரப் பெண்ணுக்கான வேலை இல்லை. யாரும் அப்படி எழுதிப் போடவில்லை. பஸ் இல்லை, அவ்வளவுதான்.

கொக்கிளாய் இன்னும் ஒரு படி மோசம். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் புல்மோட்டை கண்ணுக்குத் தெரிகிறது, நடுவில் பாலம் இல்லை. கரையோரமாக வரும் பஸ்ஸுக்கு அதற்கு மேல் வழி இல்லை. கடந்து போகிற பஸ் கிடைக்காத ஊருக்குத் தன்னிடம் வருகிற பஸ்ஸை விட்டால் வேறு இல்லை. 1984 இல் எழும்பிப் போய், போர் முடிந்த பிறகு திரும்பி வந்த சனம் அங்கே இருக்கிறது. அவர்களிடம் பஸ் பற்றிக் கேட்டால் முறைப்பாடு குறைவாகத்தான் வரும். அது திருப்தி என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒருமுறை நானும் மாட்டுப்பட்டேன். மழைக்காலம். கடைசி பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். அளம்பிலில் நிறுத்தி, "இதுக்கு மேல ஆள் இல்லை, பஸ் திரும்புது" என்றார்கள். ஆள் இல்லையாம், நாங்கள் யார்? எந்த பஸ் என்று இங்கே எழுதப் போவதில்லை. மீன் ஏற்ற வந்த லொறிக்காரர் இரண்டு வயதானவர்களை முன்னால் ஏற்றினார். மற்றவர்கள் ஐஸ் பெட்டிகளோடு பின்னால். வீட்டுக்குப் போய் மூன்று முறை முழுகியும் மீன் மணம் போகவில்லை.

தொண்ணூறுகளில் வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினார்கள். சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலை நாலு சொட்டுப் பீய்ச்சி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகையைக் குடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன தலைமுறை நாங்கள். அதனால்தானோ என்னவோ, இப்போது பஸ் வந்தாலே போதும் என்று வாயை மூடிக்கொள்கிறோம். நீங்கள் அப்படி மூடத் தேவையில்லை.

ஸ்கூட்டி விசயம். வாங்குங்கள். மாரியில் நாயாற்றுப் பக்கம் அந்தக் காற்றில் ஓடிப் பார்த்தால் அம்மா ஏன் பயப்படுகிறா என்று தெரியும், ஆனாலும் வாங்குங்கள். இருட்டினால் உங்களுக்கு ஒரு வழி வேண்டும். ஒன்றை மட்டும் யோசியுங்கள். சம்பளம் எடுக்கிறவர்கள் எல்லோரும் ஸ்கூட்டிக்கு மாறினால் பஸ்ஸில் மிஞ்சுவது கிழவிகளும் பிள்ளைகளும்தான். அவர்களுடைய குரல் எந்தக் கந்தோருக்கும் கேட்பதில்லை. 2022 இல் பெற்றோலுக்கு நாள்கணக்காக வரிசையில் நின்றோமே, அப்போது ஸ்கூட்டிக்காரர் எல்லோரும் பஸ் தரிப்பிடத்துக்குத் திரும்பி வந்தார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் 17 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் ஜூலையில் 40 ரூபாய். டீசலும் இல்லாமல் பஸ்ஸும் குறைந்திருந்தது. அப்போதுதான் முதல்முறையாக ஆசிரியர்களும் கிளாக்குமாரும் "ஏன் இங்கே பஸ் இல்லை?" என்று சத்தமாகக் கேட்டதைக் கேட்டேன். பெற்றோல் வந்ததும் சத்தம் நின்றுவிட்டது.

ஆக, கிழமையில் இரண்டு நாளாவது பஸ்ஸில் போங்கள். வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போகும்போது டிரைவர் பக்கத்தில் இருங்கள். பின்னேர வெயில் குறைவு, வட்டுவாகல் பாலத்தில் கடல் பக்கம் பார்க்கலாம். அது ஒற்றை வழிப் பாலம், எதிரே வாகனம் ஏறிவிட்டால் காத்து நிற்க வேண்டும். புதிய பாலத்துக்கு 2025 இல் வேலை தொடங்கியிருக்கிறது. முடிந்ததும் அந்தக் காத்திருப்பு போய்விடும். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், அந்தப் பாலத்தை நடந்து கடந்தவர்கள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தால், அந்த நேரத்தில் அவர்களோடு கதை கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பழகிக்கொள்ள வேண்டாம். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். திகதி, பின்னேர பஸ் எடுத்த நேரம், எங்கே திரும்பியது, எத்தனை பேர் நின்றார்கள், அவ்வளவு போதும். "பஸ் ஒழுங்காக ஓடுவதில்லை" என்று கடிதம் கொடுத்தால் "கவனத்தில் எடுக்கிறோம்" என்று பதில் வரும், என்னிடம் அப்படி இரண்டு பதில் இருக்கிறது. திகதி போட்டுக் கொடுத்தால் அப்படிச் சொல்லித் தப்புவது கஷ்டம். பஸ் அளம்பிலோடு திரும்பிய நாட்களை நான் குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு அங்கால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தவணை முடிய இரண்டு கொப்பியையும் சேர்த்துப் பார்ப்போம். ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சந்திக்கலாம், ஆனால் வெள்ளன வாருங்கள். நான் கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டும்.