பின் ஆக்சில் மாற்றம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலையும் உரமூட்டையும் ஏற்றும் ஃபோர் வீல் வண்டிகளுக்கு, போத்தோங் கடையில் (பழைய வண்டிகளை வெட்டி உதிரிபாகம் விற்கும் கடை) வாங்கிய பின் ஆக்சிலைப் பொருத்துவது குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என்னுடைய பழைய ஹைலக்ஸுக்காக ஃபார்ச்சூனரின் பின் ஆக்சிலை வாங்கிவிட்டேன். பட்டை ஸ்பிரிங் உட்காரும் சீட்டே அதில் இல்லை. சீட் செய்து பற்றவைத்துக்கொள்ளலாமா? (லிந்தாங் வாசகர்)

பதில்: ஃபார்ச்சூனரின் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங்கில் நிற்பதால் அதன் ஆக்சிலில் பட்டை ஸ்பிரிங்குக்கு இடமில்லை. சீட் பற்றவைக்கலாம், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் ஒரு பக்கச் சக்கரம் பொருந்தும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை அளந்து, பழைய ஆக்சிலின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தத்தில் 50 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு சக்கரமும் 25 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். பாரம் ஏறியதும் டயர் மட்கார்டில் உரசுமா என்பதை இப்போதே கணித்துவிடலாம்.

அடுத்து, சீட்டுகளை ஆக்சில் குழாயின் மேல் பற்றவைக்காமல் சும்மா வைத்து, யு போல்ட்டை லேசாக இறுக்கி, வண்டியை நான்கு சக்கரத்திலும் தரையில் நிறுத்துங்கள். ஜாக்கியில் தொங்கும் வண்டியில் எடுக்கும் அளவு எதற்கும் பயன்படாது; ஸ்பிரிங் எடையைத் தாங்கி வளைந்த நிலையில்தான் பினியனின் (கியர்பாக்ஸிலிருந்து வரும் நீண்ட ஷாஃப்ட் இணையும் ஆக்சிலின் சிறு பல்சக்கரம்) கோணம் உண்மையாகத் தெரியும். முன் ஸ்பிரிங் பின்னிலிருந்து ஆக்சில் வரை உள்ள தூரம் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், இல்லையேல் வண்டி நேராகப் போனாலும் பின்பக்கம் ஒருபுறம் ஒதுங்கியே ஓடும். கோணமும் தூரமும் சரியானதும் நான்கைந்து இடங்களில் பொட்டு மட்டும் வைத்து, ஆக்சிலைக் கீழே இறக்குங்கள்.

முழுப் பற்றவைப்புக்கு முன் எண்ணெயை வடித்து, உள் ஷாஃப்ட்டுகளையும் சீல்களையும் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளாம்ப்பை ஆக்சில் குழாயிலேயே மாட்டுங்கள்; மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்தால் அதன் உருளைகளில் புள்ளி விழுந்துவிடும். ஓர் அங்குலம் இப்பக்கம், ஓர் அங்குலம் அப்பக்கம் என மாற்றி மாற்றிப் பற்றவைத்து, தானாக ஆற விடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன், ஏனெனில் குழாய் வளைந்தால் பேரிங்கும் சீலும் மாதக்கணக்கில்கூடத் தாங்காது. யு போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்குங்கள். அவற்றின் வளைவு புதிய குழாயின் விட்டத்தோடு பொருந்த வேண்டும். பாரத்தோடு சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும்.

கேள்வி: ஆக்சில் மாற்றிய நாளிலிருந்து வண்டி நடுங்குகிறது. டயரை பேலன்ஸ் செய்தும் தீரவில்லை. (ஜாலோங் வாசகர்)

பதில்: எப்போது நடுங்குகிறது என்பதே நோயைக் காட்டிக்கொடுக்கும். பாரத்தோடு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் உதறினால் பினியன் கோணத்தைச் சந்தேகியுங்கள். வேகம் கூடக்கூட நடுக்கமும் கூடினால் கியர்பாக்ஸையும் பினியனையும் இணைக்கும் புரப்பெல்லர் ஷாஃப்ட்டின் பேலன்ஸைப் பாருங்கள்.

அந்த ஷாஃப்ட்டின் முனையிலுள்ள சிலுவை வடிவ இணைப்பான கிராஸ் ஜாயிண்ட் சாய்வாகச் சுழலும்போது, ஒரே சுற்றுக்குள் இரு முறை வேகம் கூடிக் குறைகிறது. இரு முனைகளிலும் ஜாயிண்ட்டின் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்றத்தை மற்றொன்று சமன்செய்துவிடும். ஆகையால், ஒரே துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில், கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட் பின்னோக்கி 3 டிகிரி இறங்கியிருந்தால், பினியனும் முன்னோக்கி ஏறத்தாழ 3 டிகிரி ஏறி அதற்கு இணையாக நிற்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கை மேலே தூக்கும் என்பதால், நிற்கும் நிலையில் அதை 1 முதல் 2 டிகிரி தாழ்த்தி வைப்பது நல்ல பழக்கம். ஸ்பிரிங்குக்கும் சீட்டுக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்தே இதைத் திருத்தலாம். சீட்டை வெட்ட வேண்டியதில்லை.

கோணம் சரியாக இருந்தும் நடுங்கினால், கிராஸ் ஜாயிண்ட்டைப் பிடிக்கும், ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறையச் சறுக்கும் ஸ்லிப் பகுதியைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தவறினாலும் கவைகள் திருகி நிற்கும். ஷாஃப்ட்டை வெட்டிக் குறைத்திருந்தால், அதை பேலன்ஸ் செய்யாமல் மாட்டவே கூடாது. ஸ்லிப் பகுதி வண்டி நிற்கும் உயரத்தில் முழுவதும் உள்ளே போய் முட்டாமல், ஏறத்தாழ ஓர் அங்குலம் இடம் விட்டிருக்க வேண்டும்.

கேள்வி: வாங்கிய ஆக்சிலின் கியர் விகிதத்தைக் கழற்றாமல் அறிய முடியுமா? முன் ஆக்சில் 4.1 என்று தெரியும். (எல்பில் தோட்ட வாசகர்)

பதில்: முடியும். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு சக்கரத்தை 20 முறை சுழற்றினால், எல்எஸ்டி (சக்கரச் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இல்லாத சாதாரண டிஃப்பரன்ஷியலில், பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் 10 முறை சுழலும். அதற்குள் பினியன் 41 முறை சுழன்றால் விகிதம் 4.1, ஏறத்தாழ நாற்பத்தைந்தரை முறை சுழன்றால் அது 4.556, அதாவது 41க்கு 9 பல். பினியனில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒருவர் சுழற்ற மற்றவர் எண்ணட்டும்.

4.556 என்று வந்தால் அதை உங்கள் வண்டியில் மாட்டாதீர்கள். முன்னும் பின்னும் 11 விழுக்காடு வித்தியாசம் இருந்தால், ஃபோர் வீல் போட்ட நொடியிலிருந்து டயரும், முன் பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும், தார்ச்சாலையில் ஏதேனும் ஒன்று உடையும். ஃபோர் வீல் இல்லாத வண்டியானால் மாட்டலாம், இழுவை கூடும். ஆனால் கியர்பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

கேள்வி: டிரைட்டன் ஆக்சிலில் ஹைலக்ஸ் ரிம் போகுமா?

பதில்: இரண்டும் ஆறு நட்டு, அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர் என்பதால் ஏறும். ஆனால் ஹைலக்ஸ் ரிம்மின் நடுத்துளை 106.1, டிரைட்டனின் ஹப் 67.1. ரிம்மை மையத்தில் பிடிக்க எதுவும் இல்லை. ஹப் வளையம் போட்டு ஓட்டுங்கள். நவாராவின் வட்டம் 114.3 என்பதால் அந்த ரிம் ஏறவே ஏறாது.

கேள்வி: பிரேக் பெடல் நன்றாகவே இருக்கிறது, ஆனால் குலை ஏற்றினால் வண்டி நிற்க மறுக்கிறது.

பதில்: இந்தக் கேள்வியைப் படித்தபோது கவலைப்பட்டேன், இதைச் சரிசெய்யும்வரை தயவுசெய்து பாரம் ஏற்றாதீர்கள். சேசிஸில் ஒரு வால்வும், அதிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் ஒரு கம்பியும் இருக்கும். பாரம் ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போது அந்தக் கம்பி வால்வைத் திறந்து பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டுகிறது. புதிய ஆக்சிலில் அதற்கான பிராக்கெட் இல்லையென்று கம்பியைத் தொங்க விட்டிருப்பார்கள். வால்வு வண்டி காலியாக இருப்பதாகவே எண்ணி, முழு எடையையும் முன் பிரேக்கிடமே விட்டுவிடும். கம்பியை மேலே இழுத்துக் கட்டிவிடுவது தீர்வாகாது. அப்போது காலி வண்டியின் பின் சக்கரம் மழையில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். பழைய ஆக்சிலில் கம்பி இருந்த அதே உயரத்தில் பிராக்கெட் செய்து மாட்டுங்கள். கூடவே, சக்கரங்கள் முழுவதும் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் விறைக்கவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி தேவையா?

பதில்: தேவை. வேறு மாடல் ஆக்சிலைப் பற்றவைத்துப் பொருத்துவது வண்டியின் கட்டமைப்பை மாற்றுவதாகும். வேலையைத் தொடங்கும் முன்பே ஜேபிஜேயில் கேட்டு எழுத்துப்பூர்வமான அனுமதியைப் பெறுங்கள்.

கேள்வி: சீல் புதிது, ஆனாலும் பிரேக் டிரம்முக்குள் கியர் எண்ணெய் வருகிறது.

பதில்: ஆக்சில் குழாயின் மேலுள்ள, உள்காற்றை வெளியேற்றும் பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். கடை வாசலில் மழையில் கிடந்த ஆக்சிலில் அது பெரும்பாலும் மண்ணடைத்தே இருக்கும். ஓட்டத்தில் உள்ளே சூடேறும் காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளுகிறது. பிரீதரைச் சுத்தம் செய்து, ஓடைகளைக் கடக்கும் வண்டியானால் ஒரு குழாய் மாட்டி சேசிஸ் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். பிறகும் ஒழுகினால், ஷாஃப்ட்டில் சீல் உரசும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, ஷாஃப்ட்டைத்தான் மாற்ற வேண்டும். எண்ணெய் ஊறிய பிரேக் லைனிங்கைக் கழுவி மாட்டாமல் இரு பக்கமும் புதிதாகப் போடுங்கள்.